தைத்த தசைநாண் எம்ஆர்ஐயில் வெளுத்துத் தெரிந்தால் மீண்டும் கிழிந்துவிட்டதாகப் பொருளா?

கேள்வி: எனக்கு வயது 58. தோள்பட்டையில் கிழிந்த தசைநாணைத் தைத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வலி குறைந்துவருகிறது. மனநிறைவுக்காக எடுத்த எம்ஆர்ஐயில், ‘தைத்த இடத்தில் சமிக்ஞை மாற்றம், பகுதிக் கிழிசலாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அறுவை பயனற்றுப் போய்விட்டதா?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவுசெய்ய வேண்டாம். தைக்கப்பட்ட தசைநாண் எலும்போடு ஒட்டி ஆறும்போது வீக்கமும் புதிய திசுவும் உருவாவதால், மூன்றாம் மாதத்தில் அது எம்ஆர்ஐயில் வெளுத்துத் தெரிவது (அறிக்கை சொல்லும் ‘சமிக்ஞை மாற்றம்’ இதுதான்) வழக்கமானதே; இத்தோற்றம் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கக்கூடும். பார்க்க வேண்டியது நிறத்தைவிடத் தொடர்ச்சியை. தைத்த தசைநாண் எம்ஆர்ஐயில் தெரியும் விதத்தை வைத்து ஜப்பானிய அறுவை மருத்துவர் சுகாயா வகுத்த ஐந்து நிலைகளில், முதல் மூன்றில் தசைநாண் மெலிந்தோ வெளுத்தோ இருந்தாலும் அறுபடாமல் இருக்கிறது. நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான் இடைவெளி தெரிகிறது. ஆகவே, தசைநாணின் முழுத் தடிமனையும் கடந்து நீர் நிரம்பிய இடைவெளி உள்ளதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அறுவைக்கு முன் எடுத்த படத்தையும் தவறாமல் கொண்டுசெல்லுங்கள். கிழிசலின் அளவு, அறுந்த முனை எவ்வளவு தூரம் பின்வாங்கியிருந்தது, தசைக்குள் எவ்வளவு கொழுப்பு படிந்திருந்தது ஆகிய மூன்றையும் அது சொல்லும். இவற்றுள் கொழுப்பையே நான் முதலில் பார்ப்பேன். ஏனெனில் கிழிசலைத் தைத்துவிடலாம், ஆனால் கொழுப்பாக மாறிய தசை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, அத்தகைய தசையில் தையல் பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. சாதாரண எக்ஸ்ரேயையும் ஒதுக்கிவிட வேண்டாம்: மேற்கை எலும்பின் தலைக்கும் அதன் மேலுள்ள எலும்புக் கூரைக்கும் இடையிலான இடைவெளி 7 மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்திருந்தால், பெரிய, நாள்பட்ட கிழிசலைச் சந்தேகிக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் தசைநாணை எலும்பில் பிடித்துவைக்கும் ஆங்கர்கள் உலோகமாக இருந்தால், அவை இடம் பெயர்ந்துள்ளனவா என்பதை எக்ஸ்ரே காட்டும். அதே உலோகம் எம்ஆர்ஐ படத்தைச் சிதைக்கும் என்பதால், ஆங்கர் பற்றி ஸ்கேன் மையத்தில் முன்கூட்டியே சொல்வது நல்லது; அதற்கேற்ற படமெடுப்பு முறைகள் உண்டு. அல்ட்ராசவுண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, கையை அசைத்துக்கொண்டே பார்க்கவும் முடியும். ஆனால் அதன் துல்லியம் செய்பவரின் அனுபவத்தைப் பெரிதும் சார்ந்தது.

படத்தில் மீண்டும் கிழிசல் தெரிந்தவர்களுள் பலர் வலியின்றிக் கையைத் தூக்குகிறார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். வலி குறைந்துவரும் உங்களுக்கு உடனே மற்றொரு ஸ்கேன் தேவை என்று நான் கருதவில்லை. மருத்துவர் சோதித்துப் பார்க்கும்வரை, அவரும் பிசியோதெரபிஸ்டும் வகுத்த பயிற்சி வரம்பை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். விழுந்த பிறகோ பளு தூக்கிய பிறகோ கையின் வலு திடீரென இறங்கினாலும், காய்ச்சலோ காயத்தில் நீர்க்கசிவோ இருந்தாலும், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.