மழை வருமா, எத்தனை மணிக்கு வரும்? கோடை விடுமுறை வானிலைக் கேள்வி-பதில்

பங்குனி முடியும்போதே கேள்விகள் வரத் தொடங்கிவிடுகின்றன. மே தினத்தை ஒட்டிய விடுமுறை, பள்ளி விடுமுறை, கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள்தானே வருகின்றன. பெரும்பாலான கேள்விகள் "அன்றைக்கு மழை வருமா?" என்றே இருக்கின்றன. ஐப்பசி அடைமழை போல கோடை மழை நாள் முழுக்க நின்று பெய்யாது. இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அதனால் நாளைப் பார்க்காமல் மணியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இதுதான் அடிப்படை.

மே முதல் வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். போன் ஆப்பில் நான்கு நாளுக்கும் இடி மேகப் படம்தான் காட்டுகிறது. ரத்து செய்துவிடலாமா? (வாசகி, தாம்பரம்)

வேண்டாம். அந்தப் படத்தை நம்பி எத்தனையோ பேர் நல்ல பயணங்களைக் கைவிடுகிறார்கள். 24 மணி நேரத்தில் ஏதோ ஒரு நேரத்தில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு இருந்தாலே, பல ஆப்கள் அந்த நாள் முழுமைக்கும் ஒரே படத்தைப் போட்டுவிடும். கோடையில் மலைப்பகுதியில் அந்த வாய்ப்பு இல்லாத நாள்தான் குறைவு.

அங்கே நடப்பது இதுதான். காலையில் வெயில் மலைச்சரிவைச் சூடாக்குகிறது. சூடான காற்று சரிவோடு மேலேறுகிறது. கடலிலிருந்து வந்த ஈரம் அதில் இருந்தால் நண்பகல் வாக்கில் மேகம் திரள்கிறது. பிற்பகல் 2 மணிக்கு மேல் இடி, மழை, சில நாள் ஆலங்கட்டி. இரவில் தரை குளிர்ந்ததும் மேகம் கலைந்து, மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். செய்தியில் 'வெப்பச்சலன மழை' என்று சொல்வது இதைத்தான்.

எனவே காலை 6 மணி முதல் 12 மணி வரை உங்களுடையது. தூண்பாறை, கோக்கர்ஸ் வாக் போன்ற காட்சி முனைகளை அந்த நேரத்தில் பார்த்துவிடுங்கள். மேகம் ஏறிவிட்டால் மழை இல்லாவிட்டாலும் எதிரே ஒன்றும் தெரியாது. சாப்பாடு, கடைத்தெரு, ஓய்வு எல்லாம் பிற்பகலுக்கு. மலைப்பாதையில் ஏறுவதோ இறங்குவதோ பிற்பகல் மழையில் வேண்டாம். வத்தலகுண்டு வழியில் மரம் விழுந்தால் மணிக்கணக்கில் வண்டிக்குள்ளேயே உட்கார வேண்டியிருக்கும். இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அது கட்டாயமாகியிருக்கிறது.

ஆனால் திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால் நான் மேலே சொன்ன கணக்கு செல்லாது. அது பிற்பகல் மழைக்கான எச்சரிக்கை இல்லை. அப்போது பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி.

'ஓரிரு இடங்களில்', 'ஒரு சில இடங்களில்'. இரண்டும் ஒன்றுதானே? (வாசகர், விழுப்புரம்)

ஒன்றில்லை. வானிலை ஆய்வு மையம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு உட்பட்டவற்றில் மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்கள்'. கால் பங்கிலிருந்து பாதி வரை என்றால் 'ஒரு சில இடங்கள்'. முக்கால் பங்கைத் தாண்டினால்தான் 'பெரும்பாலான இடங்கள்'.

கோடையில் வரும் அறிக்கைகள் பெரும்பாலும் 'ஓரிரு இடங்களில்' என்றே இருக்கும். அதாவது உங்கள் ஊரில் பெய்யாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். "சொன்னாங்க, பெய்யலையே" என்று கோபப்படுவதில் பாதி இந்தச் சொல்லைக் கவனிக்காததால் வருவது. மழை அளவும் அப்படித்தான்: 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் 'கனமழை'. அப்புறம், நாளிதழில் வரும் மழைக்கணக்கு முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரையிலானது. சனிக்கிழமை மாலை பெய்த மழை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில்தான் வரும்.

மே கடைசி வாரம் சென்னையில் மகளின் வரவேற்பு, திறந்தவெளிப் புல்தரையில். மழை இருக்குமா என்று இப்போதே சொல்ல முடியுமா? இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. (வாசகர், மடிப்பாக்கம்)

முடியாது. மூன்று வாரத்துக்கு முன்பே குறிப்பிட்ட ஒரு மாலைக்கு மழை உண்டு, இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆப்பில் 15 நாள், 30 நாள் என்று நீளமாகக் காட்டுவதற்கும் அந்த மதிப்புதான். ஒரு வாரத்துக்கு முன் பொதுவான போக்கு தெரியும். மூன்று நாளுக்கு முன் ஓரளவு உறுதி கிடைக்கும். இடிமழை எந்தப் பகுதிக்கு வரும் என்பது அன்று மாலை ராடாரில்தான் தெரியும்.

பெரிய புயலே கடைசி நாட்களில் திசை மாறுவதைப் பார்த்திருக்கிறோம். 2019 ஏப்ரல் இறுதியில் ஃபானி புயல் உருவானபோது வட தமிழகக் கரையை நோக்கி வரும் என்றுதான் முதலில் பேச்சு. அது வளைந்து வடக்கே போய் மே 3-ஆம் தேதி ஒடிசாவின் புரி அருகே கரையைக் கடந்தது. இப்படி ஒரு புயல் நம்மைத் தாண்டி வடக்கே போகும்போது உள்நாட்டிலிருந்து வறண்ட மேற்குக் காற்றை இழுத்துவிடும். மழையை எதிர்பார்த்த சென்னைக்கு அப்போது வெயில்தான் கிடைக்கும்.

இப்போதே செய்யக்கூடியது, பழைய அனுபவத்தை வைத்து ஏற்பாடு செய்வது. மே மாதம் சென்னைக்கு மழை குறைவான மாதம்தான். ஆனாலும் மாதக் கடைசியில், வேலூர், காஞ்சிபுரம் பக்கம் பிற்பகலில் உருவாகும் இடிமேகம் மேற்குக் காற்றோடு நகர்ந்து மாலையிலோ இரவிலோ சென்னைக்கு வருவது உண்டு. அந்த நாட்களில் மழையைவிட எனக்குக் கவலை தருவது காற்று. முதல் துளி விழுவதற்கு முன்பே புழுதியோடு ஒரு வீச்சு வரும். சரியாகக் கட்டாத பந்தலையும் அலங்கார வளைவையும் அது சாய்த்துவிடும். பந்தல்காரரிடம் விலை பேசும்போதே கட்டுமானத்தைப் பற்றியும் பேசுங்கள். மின்சார ஒயர்களைத் தரையில் ஓடவிடச் சம்மதிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு மூடிய கூடத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களும் கைக்குழந்தைகளும் வருவார்கள் அல்லவா?

அன்று மாலை 4 மணியிலிருந்து வீட்டில் ஒருவரிடம் இந்த வேலையை மட்டும் ஒப்படையுங்கள்: சென்னை மண்டல வானிலை மையத்தின் இணையதளத்தில் ராடார் படத்தைப் பார்ப்பது, 'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று வரும் அறிவிப்பைக் கவனிப்பது. மேற்கே ராணிப்பேட்டை, அரக்கோணம் பக்கம் சிவப்புத் திட்டு உருவாகி கிழக்கே நகர்ந்தால், விருந்தைக் கூடத்துக்கு மாற்ற உங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரமாவது கிடைக்கும்.

அக்னி நட்சத்திரம் முடிந்ததும் குழந்தைகளை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறோம். வெயில் தணிந்திருக்கும்தானே? (வாசகி, பெரம்பூர்)

அப்படிச் சொல்ல முடியாது. அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு. வழக்கமாக மே 4-இல் தொடங்கி 28 அல்லது 29-இல் முடியும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகு.

காரணம் கடற்காற்று. ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் நண்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வந்து சென்னையின் வெப்பத்தை ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். மே இறுதியில் மேற்குக் காற்று வலுத்துவிடுவதால் கடற்காற்று மூன்று மணிக்கு வரும், சில நாள் வரவே வராது. அதுவரை வெப்பம் ஏறிக்கொண்டே போகும். ஈரோடு, கரூர், சேலம் போன்ற உள் மாவட்டங்களில் ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் உச்ச வெயில் என்றால், வட கடலோரத்துக்கு உச்சம் மே இறுதியும் ஜூன் தொடக்கமும்தான். பூங்கா திறந்ததும் உள்ளே போய் 11 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். முடிந்தால் ஜூலை வரை காத்திருங்கள். விலங்குகளும் அப்போதுதான் வெளியே நிற்கும்.

கன்னியாகுமரிக்கு மூன்று நாள் போகிறோம். ஆப்பில் மழை இல்லை, காற்றும் இல்லை, நல்ல வெயில். கடலில் குளிக்கலாமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், தயவுசெய்து நண்பர்களுக்கும் காட்டுங்கள். உங்கள் போனில் தெரிவது வானத்தின் நிலை. கடலின் நிலை அதில் தெரியாது.

குமரிக் கடலோரத்திலும் கேரளத்திலும் மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று சொல்வார்கள். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயல் காற்று எழுப்பும் நீண்ட அலைகள், சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றே இருக்காது, வானம் நீலமாக இருக்கும், கடல் சாதுவாகத் தோன்றும். கரையை நெருங்கும்போதுதான் அந்த அலை உயர்ந்து, கணுக்கால் நீரில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். இது அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், சரியாக நமது விடுமுறைக் காலத்தில்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் உங்களைப் போல இளைஞர்களான 5 பயிற்சி மருத்துவர்கள் இப்படித்தான் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. அதை வெளியிடுவது ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக 'இன்காய்ஸ்'. அதன் இணையதளத்தில் மாவட்ட வாரியாகப் பேரலை எச்சரிக்கை இருக்கும். போகும் நாள் காலையில் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பாறை மீது நின்று படம் எடுப்பதுகூட வேண்டாம். எச்சரிக்கை இல்லாவிட்டாலும், உள்ளூர் மீனவரோ கடலோரக் காவலரோ "இறங்காதீங்க" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

மே மாதமே குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், போகலாமா? (வாசகர், விருதுநகர்)

சீசன் என்பது தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை. கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. 2025-இல் மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அப்படி முந்தினால் சாரலும் முந்தும்.

ஆனால் பருவமழைக்கு முன் மே மாதம் அருவியில் தண்ணீர் வருகிறது என்றால், பெரும்பாலும் அது மலையில் பெய்த இடிமழை. சாரலில் அருவி படிப்படியாகப் பெருகும். இடிமழையில் சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அருவிக்கரையில் உங்கள் தலைக்கு மேல் என்ன வானம் என்பது முக்கியமில்லை, மேற்கே மலை மீது கருத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சத்தம் கூடினாலோ, குச்சியும் இலையும் அடித்து வந்தாலோ அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள். சோப்பையும் துண்டையும் தேடாதீர்கள்.

ஆப்பில் 34 டிகிரி என்று இருக்கிறது, கீழே 'உணரும் வெப்பம் 46' என்கிறது. எதை நம்புவது? பையனுக்குக் காலை, மாலை கிரிக்கெட் பயிற்சி முகாம். (வாசகி, நாகப்பட்டினம்)

இரண்டும் உண்மைதான். 34 என்பது நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவு. நம் உடம்பு வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் வியர்வை சரியாக ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். கடலோர ஊர்களில் விளையாட்டுக்கு இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பயிற்சியாளரிடம் பேசி, காலை 6 முதல் 8.30 வரையும், மாலை 5 மணிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், இடையில் உப்புப் போட்ட மோர். பையன் தலைவலி, குமட்டல் என்றால் அன்றைய பயிற்சி முடிந்தது. பேச்சு குழறினாலோ மயங்கினாலோ நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

மைதானத்தில் இடி கேட்டால் எப்போது ஆட்டத்தை நிறுத்த வேண்டும்? (பயிற்சியாளர், கிருஷ்ணகிரி)

இடி காதில் கேட்டாலே நிறுத்திவிடுங்கள். மழைக்குக் காத்திருக்க வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினால், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தூரம் தெரியும். 30-க்குள் இடி வந்துவிட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் மைதானத்திலும் இறங்கலாம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப்பைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். பசங்களைக் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ பேருந்து, காருக்குள்ளோ அனுப்புங்கள். மரத்தடியும் தகரக் கொட்டகையும் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை, வெயில் எட்டிப் பார்த்தாலும், மறுபடி இறங்கவிடாதீர்கள்.