இருட்டில் எழுதிய குறிப்புகள்: நாடகம் பார்ப்பதும் விமர்சிப்பதும் குறித்த கேள்வி பதில்

நாடகங்களை விடாமல் பார்த்து, பார்த்தவற்றைப் பற்றி ஊதியம் எதிர்பாராமல் எழுதி வருபவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் நடித்ததில்லை, இயக்கியதுமில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்பது மட்டுமே என் தகுதி.

கேள்வி: இதுவரை இரண்டே நாடகங்கள் பார்த்திருக்கிறேன். நாடகக் கோட்பாடுகளைப் படித்து முடித்த பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டுமா?

பதில்: அப்படிக் காத்திருந்தால் ஒருபோதும் எழுதமாட்டீர்கள். ஓராண்டுக் காலம் வகை பார்க்காமல் அகப்பட்டதையெல்லாம் பாருங்கள்: புராண நாடகம், நகைச்சுவை நாடகம், வசனமே இல்லாத உடல்மொழி நாடகம், மாணவர்கள் போடும் அரைமணி நேர நாடகம் என எதையும் ஒதுக்க வேண்டாம். மோசமான நாடகங்களிடமிருந்தே நான் அதிகம் கற்றேன் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். நன்றாக அமைந்த நாடகத்தில் தையல் தெரிவதில்லை. சரியாக அமையாத நாடகத்தில்தான் எந்த இடத்தில் எந்த நூல் விட்டுப்போயிற்று என்பது கண்ணுக்குத் தெரிகிறது. யாருக்கும் காட்டாவிட்டாலும், ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு பக்கமாவது அன்றிரவே எழுதிவிடுங்கள். மறுநாள் காலையில் உங்களிடம் அபிப்பிராயம் மட்டுமே மிஞ்சியிருக்கும், நாடகம் இருக்காது.

கேள்வி: இருட்டில் குறிப்பெடுப்பது எப்படி? கைபேசியில் தட்டச்சு செய்யலாமா?

பதில்: கைபேசி கூடவே கூடாது. அதன் வெளிச்சம் பக்கத்தில் இருப்பவரை மட்டுமன்றி மேடையில் இருப்பவரையும் தொந்தரவு செய்யும். உள்ளங்கையளவு குறிப்பேடும் பென்சிலும் போதும். பேனா சில சமயம் எழுதாமலேயே ஓடும், இருட்டில் அது தெரியாது. தாளைப் பார்க்காமல், ஒரு பக்கத்துக்கு நான்கைந்து சொற்களாகப் பெரிதாக எழுதுங்கள். தீர்ப்புகளைக் குறிக்க வேண்டாம். ‘அருமை’ என்று எழுதி வைத்த குறிப்பு வீட்டுக்கு வந்ததும் ஒன்றுக்கும் உதவாது. ‘கடிதத்தைப் படிக்காமல் மடித்தாள்’ என்ற குறிப்பு முழுக் காட்சியையும் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: நடிப்பைப் பற்றி ‘சிறப்பாக நடித்திருந்தார்’ என்பதற்கு மேல் என்னால் ஒரு வரியும் எழுத முடிவதில்லை. என்ன செய்வது?

பதில்: எனக்கு வந்த கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். உங்களிடம் குறைவது சொல் வளம் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் குறைவது கவனிப்பு. நடிகர் என்ன செய்தார் என்பதை முதலில் எழுதுங்கள். எப்போது குரலைத் தாழ்த்தினார், யார் பேசும்போது யாரைப் பார்த்தார், தன் வசனம் இல்லாத நேரத்தில் கைகளை என்ன செய்தார் என்பவை உங்கள் பக்கத்தில் இருந்தால், சிறப்பா இல்லையா என்பதை வாசகரே உணர்ந்துகொள்வார். குறிப்பாக, பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரை அவ்வப்போது பாருங்கள். தன் முறைக்காகக் காத்திருப்பவருக்கும் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் உள்ள வேறுபாடு மேடையில் ஒளிவதே இல்லை.

சொல் வளத்துக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் பிரித்துக் காட்டுகிறது. அழுகைக்கு அது சொல்லும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமதிப்பால் அழுவதும், இழந்து அழுவதும், முன்னைய நிலை தளர்ந்ததால் அழுவதும், இல்லாமையால் அழுவதும் ஒரே அழுகை ஆகா. மகனை இழந்த தாயாக வரும் நடிகை அவமானப்பட்டவளைப் போல அழுதால், கண்ணீர் நிஜமாகவே வழிந்தாலும் ஏதோ பிசகுவதாக நமக்குத் தோன்றும். அந்தப் பிசகை இன்னதென்று எழுதிவிட்டால் அதுவே விமர்சனம். ‘நகைச்சுவை நன்றாக இருந்தது’ என்று எழுதும் முன்பும் இதே சோதனையைச் செய்து பாருங்கள்: நகைக்கு அந்த நூல் சொல்லும் காரணங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன். அரங்கம் சிரித்தது பிறரை எள்ளியதாலா, பாத்திரத்தின் பேதைமையாலா என்று கேட்டுப் பார்த்தால் நாடகத்தின் குணமே பல சமயம் பிடிபட்டுவிடும்.

கேள்வி: ஒரு நாடகம் எடுபடவில்லை என்றால், குறை நாடகப் பிரதியிலா, இயக்கத்திலா, நடிப்பிலா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: ஒரே முறை பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்வது கடினம், சொல்பவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘கடற்பறவை’ நாடகம் 1896-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதலாக மேடையேறியபோது பார்வையாளர்கள் எள்ளி நகைத்தார்கள்; இனி நாடகமே எழுதப்போவதில்லை என்று சொல்லுமளவுக்கு அவர் மனம் வெறுத்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1898-இல், மாஸ்கோ கலை அரங்கில் இயக்குநர்கள் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தான்சென்கோவும் அதே நாடகத்தை நீண்ட ஒத்திகைகளுக்குப் பிறகு மேடையேற்றியபோது அது பெரும் வெற்றி பெற்றது. முதல் இரவில் அரங்கில் இருந்த விமர்சகர் ‘பிரதியில் உயிரில்லை’ என்று எழுதியிருந்தால், அவர் பார்த்ததை நேர்மையாகவே எழுதியிருப்பார்; ஆனாலும் தவறியிருப்பார்.

ஆகவே பிரதி அச்சில் கிடைத்தால் நாடகத்தைப் பார்த்த பிறகு படியுங்கள். முன்பே படித்துவிட்டுப் போனால், உங்கள் மனத்தில் ஏற்கெனவே நடந்து முடிந்த நாடகத்தோடு மேடையில் நடப்பதை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். பிரதி கிடைக்காவிட்டால் ஓர் எளிய வழி உண்டு: பிடிக்காத காட்சியின் வசனங்களை வேறொரு வேகத்தில், வேறொரு தொனியில் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். அப்போது உயிர் வந்தால் குறை எழுத்தில் இல்லை.

கேள்வி: ஒளி, ஒலி, அரங்க அமைப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவற்றை எழுதாமல் விட்டுவிடலாமா?

பதில்: கருவிகளின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் விட்டுவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, கோல் என்ற பழைய நீள அளவில், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகளைச் சொல்கிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததையும் மறக்காமல் குறிப்பிடுகிறது. நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்த அந்தக் கண்தான் உங்களுக்கும் வேண்டும். ஒளி மாறியபோது என் கவனம் எங்கே போயிற்று, மேடையில் வைத்த பொருள்களில் எது கடைசிவரை பயன்படவே இல்லை, பின்வரிசையில் இருந்தவருக்குக் கேட்டதா என்ற கேள்விகளுக்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

கேள்வி: எந்த வரிசையில் உட்காருவது நல்லது?

பதில்: முதல் முறை நடுவரிசை. மிக முன்னே அமர்ந்தால் முகங்கள் தெரியும், மேடை தெரியாது.

கேள்வி: இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். விமர்சனம் எழுதலாமா?

பதில்: எழுந்து வந்ததையும் அதன் காரணத்தையும் எழுதலாம். அதற்கு விமர்சனம் என்று பெயரிட வேண்டாம்.

கேள்வி: கதையை எவ்வளவு சொல்லலாம்?

பதில்: தொடக்கச் சூழலைச் சொல்லுங்கள்; திருப்பங்களை நாடகக் குழுவிடமே விட்டுவிடுங்கள். லண்டனில் 1952 முதல் நடந்துவரும் ‘தி மவுஸ்டிராப்’ நாடகத்தின் முடிவில், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களிடமே கேட்டுக்கொள்வது வழக்கம். எல்லா நாடகங்களுக்கும் அத்தகைய கட்டுப்பாடு வேண்டியதில்லை. எல்லோரும் அறிந்த புராணக் கதையின் முடிவை மூடி மறைத்து எழுதுவது வேடிக்கையாக இருக்கும். அங்கே அந்த முடிவை இந்தக் குழு எப்படி அடைந்தது என்பதுதான் செய்தி. என் சொந்தக் குறை ஒன்றையும் சொல்கிறேன்: எழுத ஒன்றும் இல்லாத நாள்களில்தான் என் விமர்சனங்களில் கதைச் சுருக்கம் நீண்டிருக்கிறது.

கேள்வி: நண்பர்கள் நடத்தும் குழுவின் நாடகம் சுமாராக இருந்தது. என்ன எழுதுவது?

பதில்: முடிந்தால் எழுதாதீர்கள்; நேரில் சொல்லுங்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால் அவர்கள் உங்கள் நண்பர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அலுவலக வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்க்கும் குழுவை, நடிப்பையே தொழிலாகக் கொண்டவர்களை அளக்கும் கோலால் அளப்பது முறையல்ல. அதற்காக வசனம் மறந்ததை மறக்காததாக எழுதவும் கூடாது. நடிகரின் உடலையோ நிறத்தையோ கேலி செய்யும் ஒரு வரியும் வேண்டாம். அது கைதட்டலைப் பெற்றுத் தரும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: பத்துப் பேர் படிக்கும் என் விமர்சனத்தால் என்ன பயன்?

பதில்: 1958-இல் ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டரின் ‘தி பர்த்டே பார்ட்டி’ லண்டனில் மேடையேறியபோது பெரும்பாலான விமர்சகர்கள் அதைத் தாக்கினார்கள், ஒரே வாரத்தில் நாடகம் நிறுத்தப்பட்டது. ஹெரால்ட் ஹாப்சன் என்ற விமர்சகர் மட்டும் பின்டரின் திறமையைப் பெரிதும் போற்றி ஞாயிறு இதழில் எழுதினார். இதழ் வெளிவந்தபோது பார்க்க நாடகமே இல்லை. பின்டர் தொடர்ந்து எழுதினார், 2005-இல் நோபல் பரிசும் பெற்றார். ஹாப்சன் பெரிய இதழின் விமர்சகர், நாம் அப்படியல்ல. ஆயினும், சிறிய குழுக்கள் தங்கள் நாடகத்தைக் கவனித்து எழுதப்பட்ட ஒரு பக்கத்தைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். காட்சிகள் முடிந்த பின் அவர்களிடம் எஞ்சுவது சில புகைப்படங்களும் அந்தப் பக்கமும்தான்.

கேள்வி: ஒரே நாடகத்தை இரண்டாம் முறை பார்ப்பது வீண் அல்லவா?

பதில்: ரசிகனுக்கும் விமர்சகனுக்கும் அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகத்தில், தந்தையாக நடித்தவர் இறுதிக் காட்சியில் பேச்சை நிறுத்தி வெகுநேரம் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் மூன்று பத்திகள் எழுதினேன். சொல்லின் தோல்வி, வயதின் பாரம் என்றெல்லாம் விரித்திருந்தேன். அடுத்த வாரம் மீண்டும் போனபோது அந்த இடத்தில் மௌனமே இல்லை; வசனம் தடையின்றி ஓடியது. முதல் நாள் அவர் வசனத்தை மறந்திருக்கிறார். இருந்தாலும் முதல் நாள் காட்சியே சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அந்த விமர்சனத்தை அழிக்கவில்லை. அடியில் இரண்டு வரித் திருத்தம் மட்டும் சேர்த்திருக்கிறேன்.