ஜப்பான் ஜிம்னியை அண்ணன் பெயரில் டர்பனில் இறக்கலாமா?

கேள்வி: நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் தென்னாப்பிரிக்கக் குடிமகன். டிராகன்ஸ்பர்க் மலைப்பாதைகளில் ஓட்டுவதற்காக, ஜப்பான் சந்தைக்கென்றே வரும் 660 சிசி சுசூகி ஜிம்னி ஒன்றை (2021 மாடல்) அங்குள்ள ஏற்றுமதியாளரிடம் பேசி முன்பணம் கட்டிவிட்டேன். "டர்பனுக்கு எத்தனையோ வண்டி அனுப்புகிறோம், இறங்கியதும் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்" என்கிறார். பர்மிட் கிடைக்காவிட்டால், யோக்கோஹாமாவில் வேலை பார்க்கும் என் அண்ணன் அடுத்த ஆண்டு ஊர் திரும்பும்போது அவர் பெயரில் கொண்டுவந்து, பிறகு என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா? அல்லது லெசோத்தோவில் பதிவு செய்து இங்கே ஓட்டலாமா?

பதில்: வண்டி இன்னும் கப்பலேறவில்லை என்றால் இன்றே ஏற்றுமதியாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நான் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை கப்பலில் இடம் பதிவு செய்யாதீர்கள்." மற்றதெல்லாம் அப்புறம். பர்மிட் கையில் இல்லாமல் வண்டி துறைமுகத்தில் இறங்கிவிட்டால் அதன்பின் உங்களுக்கு நல்ல வழி ஏதும் மிஞ்சாது.

ஏற்றுமதியாளர் சொன்னது பாதி உண்மை. டர்பனில் இறங்கும் ஜப்பானியப் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த நாட்டில் தங்குவதில்லை. ஜிம்பாப்வே, ஜாம்பியா போன்ற நாடுகளுக்குச் சுங்கப் பிணையத்தின் பேரில் கடந்துபோகிற சரக்கு அவை. உங்கள் வண்டி இங்கேயே தங்கப்போவது. அதற்குச் சட்டம் வேறு.

2002-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சர்வதேச வர்த்தக நிர்வாகச் சட்டத்தின் கீழ், பயன்படுத்திய வாகனத்தை உள்ளே கொண்டுவர ஐடாக் எனப்படும் சர்வதேச வர்த்தக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி பர்மிட் தேவை. சரக்கு ஏறும் முன்பே அது கையில் இருக்கவேண்டும். "சொந்த உபயோகம்" என்ற காரணத்துக்கு மட்டும் பர்மிட் தருவதில்லை. டர்பன் பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா போன்ற உள்ளூர்த் தொழிற்சாலைகளைக் காக்கும் கொள்கை இது. அதிகாரியிடம் கெஞ்சி மாற்றக்கூடியதல்ல. விதிவிலக்குகள் சிலவே: நிரந்தரமாகக் குடியேறுவோர் அல்லது திரும்பி வருவோர், வாரிசுரிமையாக வந்த வண்டி, மாற்றுத்திறனாளிக்கென மாற்றியமைத்தது, பந்தய வண்டி, 40 ஆண்டு கடந்த பழம்பெரும் வண்டி. உங்கள் 2021 ஜிம்னி எதிலும் அடங்காது. மீட்டரில் பத்து கிலோமீட்டர்கூட ஓடாத "புது" வண்டி என்று ஜப்பானில் விற்பார்கள்; அங்கே ஒருமுறை பதிவாகியிருந்தால், இங்கே அதைப் புதியது என்று வாதிட்டு ஜெயிப்பது கடினம்.

அண்ணன் பெயரில் கொண்டுவரும் யோசனைதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது, ஏனென்றால் அது சரியான வழி மாதிரியே தெரியும். அவருக்கு உண்மையிலேயே தகுதி இருக்கலாம். ஆனால் வண்டி அவர் பெயரில், அவரே பயன்படுத்தி, புறப்படும் முன் குறைந்தது 12 மாதம் இருந்திருக்கவேண்டும். நீங்கள் பணம் கட்டி, ஏற்றுமதியாளரின் யார்டில் கிடக்கும் வண்டியை அவர் "பயன்படுத்தினார்" என்று எழுதிக் கொடுத்தால் அது பொய் அறிவிப்பு, மாட்டுவது அண்ணன். அவர் குடிபெயர்வு நிரந்தரமானதா என்ற கேள்வியும் வரும். ஒப்பந்த வேலைக்குப் போய் ஒப்பந்தம் முடிந்து திரும்புகிறவர் அதை நிரூபிக்கத் திணறுவார்.

தகுதி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். குடிபெயர்வோருக்குக் குடும்பத்துக்கு ஒரு வண்டி என்று தீர்வைச் சலுகை தரும், சுங்கப் பட்டியலின் 407.04-ஆம் இனத்தில், உள்ளே வந்த 20 மாதத்துக்குள் வண்டியை விற்கவோ, அடகு வைக்கவோ, பரிசளிக்கவோ கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. இரவல் கொடுப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. அதாவது சாவியை உங்களிடம் கொடுத்தாலே நிபந்தனை மீறல். விற்பதாக விளம்பரம் போட்டாலும் அப்படித்தான்.

சலுகை கைவிட்டுப் போனால் என்ன ஆகும்? ஏற்றுமதித் துறைமுக விலை 2,00,000 ராண்ட் என்று கொள்ளுங்கள். சுங்கத் தீர்வை 25%, அதாவது 50,000. மதிப்புக் கூட்டு வரிக்கு விலையோடு 10% கூட்டி, தீர்வையையும் சேர்ப்பார்கள்: 2,70,000. அதில் 15% என்றால் 40,500. ஆட் வலோரம் வரி (மதிப்பின் அடிப்படையிலான கலால் வரி) தனி. அதைச் சேர்க்காமலே 90,500 ராண்ட் ஆகிறது. இதற்குமேல் 1964-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 87, 88-ஆம் பிரிவுகளின்படி வண்டியையே பறிமுதல் செய்யலாம். 93-ஆம் பிரிவின் கீழ் தக்க காரணம் காட்டி விடுவிக்கக் கேட்கலாம். ஆனால் அது சார்ஸ் எனப்படும் வருவாய்த் துறை ஆணையரின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல; கேட்டு முடியும்வரை கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

லெசோத்தோ யோசனையை விட்டுவிடுங்கள். அது தென்னாப்பிரிக்காவோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் உள்ள நாடுதான், ஆனாலும் அங்கே இறங்கிய பழைய வண்டி இங்கே நிலையாகத் தங்க ஐடாக் பர்மிட் வேண்டும். டர்பனில் குடியிருந்துகொண்டு வெளிநாட்டு எண் பலகையோடு ஓட்டினால் முதல் சாலைத் தடுப்பிலேயே விசாரணை தொடங்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அது ஒன்றே போதும்.

அண்ணன் தன் சொந்த வண்டியை முறையாகவே கொண்டுவருகிறார் என்றால் பர்மிட்டோடு என்ஆர்சிஎஸ் எனப்படும் கட்டாயத் தரவிதி அமைப்பின் அங்கீகாரக் கடிதமும் வேண்டும். அது இல்லாமல் நாட்டிஸ் என்ற தேசிய வாகனப் பதிவேட்டில் பதிவு நடக்காது. சுங்கத்தில் விடுவித்தபின் போலீஸ் அனுமதி, சாலைத் தகுதிச் சோதனை, கடைசியில் பதிவு. இங்கே அடிக்கடி சறுக்குவது சட்டக (சேஸிஸ்) எண். ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு 17 எழுத்து எண் கிடையாது. ஜேபி64டபிள்யூ என்ற மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு இலக்கங்கள். ஏற்றுமதிச் சான்றிதழ், பர்மிட், சுங்க அறிவிப்பு மூன்றிலும் அது சட்டகத்தில் பொறித்திருப்பது போலவே, கோடு உட்பட, இருக்கவேண்டும். பொறிப்பைத் தெளிவாகப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். வண்டியின் அடிப்பக்கத்தையும் கழுவி அனுப்பட்டும். வெளிநாட்டு மண் ஒட்டியிருந்தால் வேளாண் ஆய்வாளர்கள் நிறுத்தி வைக்கலாம்.

சின்ன எஞ்சின் ஜிம்னிதான் வேண்டும் என்று மனசு வைத்துவிட்டீர்களா? 1981-இல் வந்த எஸ்ஜே30, 539 சிசி இரு வீச்சு எஞ்சின் வண்டி, 40 ஆண்டு விதிக்குள் வரும். 1987 வரை தயாரித்தார்கள் என்பதால் பிந்தைய ஆண்டு வண்டியை எடுத்துவிடாதீர்கள். ஜப்பானியத் தாளில் இருப்பது முதல் பதிவு மாதம். அதிலிருந்து கணக்கிட்டால் பாதுகாப்பு. இதற்கும் பர்மிட் முதலில், கப்பல் பிறகு. மலைப்பாதைதான் முக்கியம் என்றால், இங்கே ஷோரூமிலேயே கிடைக்கும் 1.5 லிட்டர் ஜிம்னியை நான் பரிந்துரைப்பேன். அதே ஏணிச் சட்டகம். உதிரிபாகம் ஊரிலேயே கிடைக்கும்.

முன்பணத்துக்கு: ஒப்பந்தத்தில் ரத்து பற்றிய விதியைப் பாருங்கள். அது சாதகமாக இல்லாவிட்டால், வண்டியை வேறொருவருக்கு விற்று, கழிவு போக மீதியைத் தரும்படி கேளுங்கள். பல ஏற்றுமதியாளர்கள் வழக்கைவிட இதையே விரும்புவார்கள். அண்ணன் முறையாக விண்ணப்பித்து ஐடாக் மறுத்தால், முடிவு தெரிந்த 90 நாளுக்குள் எழுத்தில் காரணம் கேட்கட்டும். உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கோருவதற்கு, 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் விதிக்கும் உச்ச வரம்பு 180 நாள். தாமதிக்காமல் போவது நல்லது.