ஒல்லியானவருக்கு பிரஷர் வராதா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 61 கிலோ. அவர் வேலை பார்க்கும் இடத்தில் நடந்த முகாமில் பிரஷர் 156/98 என்று காட்டியது. சில நாள் விட்டுவிட்டுப் பார்த்தும் குறையாததால் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் 128/82க்கு வந்துவிட்டது. உடனே "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். லண்டனில் இருக்கும் என் அண்ணனுக்கு 97 கிலோ எடை. அவருக்கு பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் நார்மல். "அவ்வளவு குண்டா இருக்கிற உங்க அண்ணனுக்கே இல்லை, எனக்கு எப்படி வரும்?" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, அவர் மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை நாளானாலும் சரி, இந்த வாரமே மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இருவரும் போங்கள். நிறுத்திய விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். 128/82 வந்தது மாத்திரை வேலை செய்ததால்தான். பிரஷர் மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி இல்லை. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு பிரஷர் பழைய இடத்துக்கே போய்விடும், அதுவும் சத்தமில்லாமல்.

அடுத்து, உங்கள் அண்ணன் விஷயம். போனில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, நீ ஏதாவது மாத்திரை போடுறியா?" இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து பிரஷர், கொலஸ்ட்ரால் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் அப்போதே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். அங்கே கடையில் விற்கும் ரொட்டியிலும், பாக்கெட் உணவிலும் உப்பைப் படிப்படியாகக் குறைத்திருக்கிறார்கள். அண்ணனுடைய நார்மலுக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கலாம். அதற்காக 97 கிலோ நல்லது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கும் மூட்டு வலிக்கும் அது அழைப்பு. அவரும் குறைக்கத்தான் வேண்டும்.

உங்கள் கணவர் நினைப்பதுபோலத்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள்: உடல் பருமன், பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும் என்று. கடந்த 40 ஆண்டுகளில் உலகம் அப்படி நடந்துகொள்ளவில்லை. பருமன் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஏறியது. 2022 கணக்குப்படி குழந்தைகளையும் சேர்த்து 100 கோடிப் பேருக்கு மேல் உடல் பருமன் இருக்கிறது. ஆனால் பணக்கார நாடுகளில் எடை ஏறிக்கொண்டே இருக்க, பிரஷரும் கொலஸ்ட்ராலும் இறங்கின. அதே காலத்தில் தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் சராசரி பிரஷர் ஏறியது. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் கொலஸ்ட்ரால் ஏறியது. ஒரு காலத்தில் மேற்கத்தியர்களின் நோய் என்று சொன்னது இப்போது நம் பக்கம் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பின்லாந்து. அங்கே வட கரேலியா என்றொரு மாகாணம். 1970 வாக்கில் உலகிலேயே மாரடைப்பால் அதிகம் ஆண்கள் இறந்த இடங்களில் ஒன்று. மரம் வெட்டுகிறவர்கள், விவசாயிகள், அதாவது உடம்பு வணங்கி உழைத்தவர்கள். ஆனால் ரொட்டிமேல் தடிமனாக வெண்ணெய், எல்லாவற்றிலும் உப்பு, கையில் சிகரெட். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் டாக்டரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் ஆஸ்பத்திரியை மட்டும் நம்பவில்லை. கிராமத்துப் பெண்கள் சங்கங்களைப் பிடித்தார்கள். அந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கூடி, வழக்கமான இறைச்சிக் குழம்பையே கொழுப்பையும் உப்பையும் குறைத்து, காய்கறி சேர்த்துச் சமைத்துக் காட்டினார்கள். அடுத்த 35 ஆண்டுகளில் அங்கே வேலை செய்யும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இத்தனைக்கும் அந்த ஆண்களின் சராசரி எடை குறையவில்லை, கூடத்தான் செய்தது. மாறியது கொலஸ்ட்ராலும் பிரஷரும் புகைப்பழக்கமும்.

உங்கள் கணவரின் எடை அவருடைய உயரத்துக்குச் சரியானதுதான். ஆனாலும் ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்பது நம்மிடம் அதிகம். அது இல்லாவிட்டாலும் பிரஷர் வரும். பரம்பரை, வயது, உப்பு, மது, தூக்கமின்மை எல்லாம் காரணமாகலாம். இந்தியா முழுக்க எடுத்து 2023இல் வெளியான பெரிய ஆய்வில் நூற்றுக்கு 35 பேருக்கு பிரஷர் இருந்தது. பருமனானவர்கள் நூற்றுக்கு 29 பேர்கூட இல்லை. உங்கள் கணவரின் கொலஸ்ட்ரால் பற்றி நீங்கள் எழுதாததால் இதுவரை பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். டாக்டரிடம் போகும்போது அதையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

"மிஷின் தப்பா காட்டுது" என்று அவர் சொன்னால் சண்டை போட வேண்டாம். மேல்கையில் கட்டும் மிஷின் ஒன்று வாங்கி அவரையே பார்க்கச் சொல்லுங்கள். காபி, சிகரெட் முடித்து அரை மணி நேரம் போகட்டும். அப்புறம் முதுகைச் சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். காலை, மாலை என ஒரு வாரம் நோட்டில் எழுதட்டும். தன் கையெழுத்தில் இருக்கும் எண்ணை அவர் மறுக்க மாட்டார். மாத்திரை வாங்க அலைய முடியவில்லை என்பது காரணமென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உப்பு உங்கள் கையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில்தான். வீட்டில் 4 பேர் என்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதி எழுதி வையுங்கள். எத்தனை நாளில் தீர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள்.