கீமோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அம்மாவுக்குப் புற்றுநோய். கீமோ கொடுக்கலாமா, வேண்டாமா?

எந்த உறுப்பில், எந்த நிலையில், பயாப்ஸியில் (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனையில்) என்ன வந்தது, வயது என்ன, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன? ஒன்றையும் எழுதாமல் ‘கொடுக்கலாமா’ என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ரத்தப் புற்றுநோய்கள் பலவற்றில் கீமோதான் முதல் ஆயுதம். சில கட்டிகளுக்கு அறுவைக்கு முன்போ பின்போ கொடுக்கிறோம். சிலவற்றுக்குத் தேவையே இல்லை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

கீமோ இரண்டு சைக்கிள் (சுற்று) முடிந்தது. வாந்தி இல்லை, முடியும் கொட்டவில்லை. மருந்து வேலை செய்யவில்லையோ?

இரண்டுக்கும் தொடர்பே இல்லை. எல்லா கீமோ மருந்தும் முடியை உதிர்ப்பதில்லை. வாந்தியைத் தடுக்க இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. பலன் தெரிவது ஸ்கேனிலும் பரிசோதனையிலும்தான். கஷ்டம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள்.

சிவப்பு மருந்து ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தமா?

டாக்சோரூபிசினாக இருந்தால், அது மருந்தின் நிறம். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதே மருந்து பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது ஊசி இடத்தில் எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகிவிடும்.

அப்பாவுக்குக் கீமோ போட்டுப் பத்து நாள் ஆகிறது. நேற்றிரவு 101 டிகிரி காய்ச்சல். பாரசிட்டமால் கொடுத்தோம், இறங்கிவிட்டது. அடுத்த சைக்கிள் போகும்போது சொன்னால் போதுமா?

போதாது. இதைக் கடிதத்தில் கேட்டிருக்கவே கூடாது. நேற்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது.

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ தாக்குகிறது. ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் அந்த ரகம்தான். அதனால் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில்கள், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக ஆயிரக்கணக்கில் இருப்பவை, 500-க்கும் கீழே இறங்கலாம். சீழ் பிடிக்கக்கூட அணுக்கள் இல்லாத நேரம் அது. வீக்கம் தெரியாது, சளி கட்டாது. உள்ளே கிருமி பரவுவதற்கு வெளியே தெரியும் ஒரே அடையாளம் பெரும்பாலும் காய்ச்சல்தான். அந்த அடையாளத்தைப் பாரசிட்டமால் கொடுத்து நீங்களே மறைத்துவிட்டீர்கள். காய்ச்சல் இறங்கியதே தவிர, கிருமி அங்கேயேதான் இருக்கும். காலையில் தெம்பாக இருந்தவருக்கு மாலையில் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.

ஆகவே, வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 100.4 டிகிரி காட்டினால், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப்போடுவதுபோல் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். அவசரப் பிரிவில் வாயைத் திறந்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “கீமோ எடுத்தவர், பத்தாம் நாள், காய்ச்சல்.” வெறும் ‘காய்ச்சல்’ என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். இந்தக் காய்ச்சலில் உயிர் பிழைப்பது அந்த நேரக் கணக்கில்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவை இதைப் படித்த உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

கீமோவோடு ஒரு மூலிகைப் பொடியும் கொடுக்கிறோம். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை.

திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள். மூலிகை என்பதால் தீங்கு செய்யாது என்ற எண்ணத்தை விடுங்கள். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தே நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்ததுதான். அதை ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் என்று எண்ணிக் கொடுக்கிறோம். உங்கள் பொடியில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் பக்குவப்படுத்துகிறது. அங்கே இன்னொன்று குறுக்கிட்டால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். டாக்டருக்குத் தெரியாமல் விட்டமின் மாத்திரைகூட வேண்டாம்.

கீமோ எடுத்த பிறகு பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்குங்கள். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளி இருங்கள். அப்புறம், முதல் இரண்டு நாள் கழிவறையில் மூடியைப் போட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். சிறுநீரில் மருந்து வெளியேறும்.

தம்பிக்கு 24 வயது. அடுத்த வாரம் கீமோ ஆரம்பம். பிற்காலத்தில் குழந்தை பிறக்குமா?

மருந்தையும் அளவையும் பொறுத்தது. சிலருக்கு விந்தணு உற்பத்தி திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது. ஆரம்பிப்பதற்கு முன் விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம், ஓரிரு நாள் வேலைதான். பெண்களுக்குக் கருமுட்டையைச் சேமிக்க இரண்டு வாரம்போல ஆகும். முதல் டோஸ் ஏறிய பிறகு கேட்டு வருபவர்கள்தான் அதிகம். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.