இரட்டையரில் சின்னவனுக்கு மட்டும் ஏன் கண் பாதிப்பு?

கேள்வி: எனக்கு 30-வது வாரத்தில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. பெரியவன் 1,450 கிராம், சின்னவன் 1,080 கிராம். சின்னவனுக்கு 6 நாள் வென்டிலேட்டர், அப்புறம் 3 வாரம் ஆக்சிஜன். நடுவில் கிருமித்தொற்று வந்தது. இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். இப்போது 5 வாரம் ஆகிறது. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, சின்னவனுக்கு ‘ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்) இரண்டாம் நிலை, இரண்டாம் மண்டலம்’ என்று எழுதி, ஒரு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார். பெரியவனுக்கு ஒன்றும் இல்லையாம். ஆனாலும் இரண்டு வாரத்தில் காட்ட வேண்டுமாம். ஆக்சிஜன் வைத்ததுதான் காரணமா? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமோ? மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்தார்களே, அதனாலா? கர்ப்ப காலத்தில் நான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்த பாவமா? பார்ப்பதற்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: பாவம் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீல விளக்குக்கும் இல்லை. விளக்கில் வைக்கும்போது குழந்தையின் கண்ணைக் கட்டித்தான் வைப்பார்கள். போதாக்குறைக்கு, வெளிச்சம் காரணமாக இருக்குமோ என்று அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி மாட்டிப் பார்த்தே ஆய்வு செய்தார்கள். 1998-ல் முடிவு வந்தது: மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆக்சிஜன் விஷயம் அப்படி ஒரு வரியில் முடிவதில்லை.

கண்ணின் உள்சுவரில் இருக்கும் விழித்திரைக்கு ரத்தக்குழாய்கள் கர்ப்பத்தின் 16-வது வாரம் வாக்கில்தான் முளைக்க ஆரம்பிக்கும். கண் நரம்பு உள்ளே நுழையும் இடத்தில் தொடங்கி, ஓரத்தை நோக்கி மெல்லப் படரும். மூக்குப் பக்கத்து ஓரத்தை 36 வாரத்துக்குள் எட்டிவிடும். காதுப் பக்கத்து ஓரத்துக்குப் போய்ச் சேர 40 வாரம் ஆகும். 30 வாரத்தில் பிறந்த உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அந்தக் குழாய்கள் பாதி வழியில் நின்றிருந்தன. அடிப்படைக் காரணம் இதுதான். எத்தனை வாரம் முன்னால் பிறந்தது, எத்தனை கிராம் இருந்தது என்ற இரண்டுக்கும் பிறகுதான் மற்ற எல்லாமே.

கருப்பையில் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் நம்முடையதைவிட மிகக் குறைவு. அந்தக் குறைவுதான் ‘இன்னும் குழாய் வேண்டும், வளர்’ என்று விழித்திரைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். வெளியே வந்ததும் ஆக்சிஜன் ஒரேயடியாகக் கூடுகிறது. குழாய்கள் ‘இனி நாம் வேண்டியதில்லை’ என்பதுபோல நின்றுவிடும். சில வாரம் கழித்து விழித்திரை வளர்ந்து பசி எடுக்கும். ஓரத்தில் குழாயே இல்லை. அப்போது அது அவசர அவசரமாக வளர்ச்சிப் பொருளைச் சுரக்க, தாறுமாறான புதுக் குழாய்கள் கிளம்புகின்றன. அளவு மீறினால் அவை தழும்பாகி விழித்திரையையே இழுத்துப் பிய்க்கும். ஆர்.ஓ.பி. என்பது இதுதான். பிறந்த அன்று எதுவும் தெரியாமல் 32 வாரத்துக்கு மேல் தலைகாட்டுவதும் இதனால்தான்.

அப்படியானால் ஆக்சிஜனைக் குறைத்திருக்கலாமே என்று தோன்றும். மருத்துவ உலகத்துக்கும் தோன்றியது. 1942-ல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்த நோயை முதலில் விவரித்தார். 1951-ல் மெல்போர்னில் கேட் கேம்ப்பெல், தாராளமாகக் கொடுக்கும் ஆக்சிஜன்மீது சந்தேகத்தைத் திருப்பினார். அடுத்த சில ஆண்டுகளில் அது நிரூபணமாகி, எல்லா இடத்திலும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். கண் போவது குறைந்தது. ஆனால் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளும் மூளை பாதித்த குழந்தைகளும் கூடினார்கள். 2010-ல் வந்த பெரிய ஆய்விலும் அதே பாடம்: ரத்த ஆக்சிஜன் அளவை 85–89 சதவீதத்தில் வைத்தவர்களுக்குக் கடுமையான ஆர்.ஓ.பி. குறைவு, 91–95-ல் வைத்தவர்களுக்கு இறப்பு குறைவு. அதனால்தான் பெரும்பாலான மருத்துவமனைகள் இன்று 90-க்கு மேலும் 95-க்குள்ளும் நிறுத்தப் பார்க்கின்றன. நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால், கண்ணைப் பற்றிக் கேட்கப் பிள்ளை இருந்திருப்பானா என்பதே சந்தேகம்.

எவ்வளவு கொடுத்தார்கள் என்பதோடு, அது எவ்வளவு ஏறி இறங்கியது என்பதும் முக்கியம். என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) மானிட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பீர்கள். 93 என்று இருக்கும். குழந்தை மூச்சுவிட மறக்கும். 86, 78, அலாரம். நர்ஸ் ஓடிவந்து காலைத் தட்டி, ஆக்சிஜனைக் கூட்டுவார். 99 ஆகும். அதைத் திரும்பக் குறைக்க மறந்தால் 99-லேயே கிடக்கும். நுரையீரல் முதிராத குழந்தைக்கு இந்த ஊஞ்சல் ஒரு நாளில் பல தடவை. முதிராத குழாய்களுக்கு இது பெரிய அடி.

இப்போது உங்கள் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறந்த வாரம் இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் சின்னவன் 370 கிராம் குறைவு. வென்டிலேட்டர், நீண்ட நாள் ஆக்சிஜன் இரண்டும் அவனுக்கு. கிருமித்தொற்று ரத்தத்தில் அழற்சியைக் கிளப்பும். அது தனியாகவே குழாய்களைக் கெடுக்கும். ரத்தம் ஏற்றியதையும் ஆபத்துக் காரணங்களில் சேர்ப்போம். பெரியவர்களின் ரத்தம், குழந்தையின் ரத்தத்தைவிட எளிதாக ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுவிடும். தவிர, ரத்தம் தேவைப்படும் அளவுக்குச் சோர்ந்த குழந்தை என்பதற்கும் அது அடையாளம். மூளையில் ரத்தக்கசிவு, குடல் அழற்சி, ரத்தச் சர்க்கரை ஏறுவது போன்றவையும் இந்த வரிசையில் வரும்.

பலர் கவனிக்காத ஒன்று எடை. வளர்ச்சிக்கும் ரத்தக்குழாய்க்கும் தேவையான ஒரு ஹார்மோன் இருக்கிறது, ஐ.ஜி.எஃப்.-1 என்பார்கள். முன்கூட்டிப் பிறந்ததும் அது சரிந்துவிடும். முதல் வாரங்களில் எடை ஏறாத குழந்தைக்கு அது குறைவாகவே இருக்கும், கண்ணுக்கு ஆபத்தும் அதிகம். வாராவாரம் எடை ஏறும் வேகத்தை வைத்தே ஆபத்தைக் கணிக்கும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். எனவே இன்று உங்கள் கையில் இருப்பது இதுதான்: தாய்ப்பால், மருத்துவர் சொன்ன சத்து மருந்து, தொடும் முன் கைகழுவுவது, நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பது.

‘பார்ப்பதற்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் தருவது இந்த வரிதான். ஆர்.ஓ.பி. முற்றும்வரை கண் வெளியே பளிச்சென்று இருக்கும். கருவிழிக்குப் பின்னால் வெள்ளை தெரிந்து நீங்கள் ஓடிவரும்போது விழித்திரை கழன்று முடிந்திருக்கும். உள்ளே பார்க்க வழக்கமான வழி, சொட்டு மருந்து விட்டுக் கண் பாவையை விரித்து, தலையில் விளக்கும் கையில் லென்ஸுமாகப் பார்ப்பது. சின்னக் கம்பிக் கருவியால் இமையை விலக்குவார்கள். குழந்தை வீறிட்டு அழும். உங்களுக்கு நெஞ்சு பதறும். வாயில் இரண்டு சொட்டு இனிப்புக் கரைசல் விட்டு, துணியில் இறுகச் சுற்றிவைத்தால் வலி ஓரளவு குறையும். அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நிலை என்றால் குழாய் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் நடுவே ஒரு வரப்பு எழும்பியிருக்கிறது என்று பொருள். இரண்டாம் மண்டலம் என்பது விழித்திரையின் மையத்துக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட பகுதி. இந்த நிலையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே அடங்கிவிடும், சிகிச்சையே தேவைப்படாது. ஆனால் எந்தக் குழந்தைக்கு அடங்கும் என்று இன்று பார்த்துச் சொல்ல முடியாது. 30-உம் 5-உம் சேர்த்தால் அவனுக்கு இப்போது 35 வாரம். சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முற்றுவது 34 முதல் 38 வாரத்துக்குள்தான். அதனால்தான் ஒரு வாரம். ‘காய்ச்சல் அடிக்கிறது, அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று தள்ளக் கூடாத தேதி இது. போக முடியாவிட்டால் அன்றே போன் செய்து வேறு நாள் வாங்குங்கள்.

ஒருவேளை குழாய்கள் முறுக்கி வீங்கினால், முடிவெடுத்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் லேசர் செய்வார்கள், அல்லது கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். இரண்டும் நல்ல பலன் தருபவை. ஊசி போட்டால் பல வாரம் கழித்து நோய் திரும்பிவர வாய்ப்பிருப்பதால், பரிசோதனை இன்னும் நீளும். சிகிச்சை வேண்டாமல் போனாலும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் அதிகம். ஒரு வயதிலும் பள்ளி சேரும் முன்பும் கண்ணைக் காட்டுங்கள்.

பெரியவனை விட்டுவிடாதீர்கள். ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னது இன்றைய நிலைக்கு மட்டும்தான். அவனுக்கும் குழாய்கள் ஓரம்வரை போய்ச் சேரவில்லை. ‘முழுமையாக வளர்ந்துவிட்டது, இனி வர வேண்டாம்’ என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை இருவரையும் கொண்டுபோக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் பிறந்த வாரம், எடை, ஆக்சிஜன் எத்தனை நாள், எத்தனை முறை ரத்தம் என்று இருக்கும்; இருவருக்கும் தனித்தனிப் பையில் வைத்து எடுத்துப் போங்கள். பரிசோதனைக்குச் சற்று முன்னால் வயிறு நிறையப் பால் கொடுத்தால் அழுகையில் கக்கிவிடுவான். எவ்வளவு நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.