வரலாறா, கல்வியியலோடு வரலாறா?

தங்கச்சி, எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்துவிட்டு பட்டப்படிப்பில் வரலாறு மட்டும் எடுப்பதா, கல்வியியலோடு சேர்த்து எடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் டிப்ளோமாவைப் பிறகு செய்யலாம் என்று அப்பா சொல்வதும் தவறில்லை. ஆனால் வகுப்பறைதான் ஆசை என்றால் சேர்த்தே படியுங்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் உங்களுக்கு பினாங்கில் உள்ள யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பக்கம்தான். தஞ்சோங் மாலிமில் உப்சியும் (சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம்) இருக்கிறது.

நான் பயிற்சிக்குப் போன முதல் வாரம், 1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியதை வெறும் தேதியாகச் சொன்னேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அடுத்த வகுப்பில், கெடா சுல்தான் சியாமுக்கு எதிராகப் பாதுகாப்பை எதிர்பார்த்ததையும் கம்பெனி அதைக் கொடுக்காததையும் சொல்லி, "சுல்தான் இடத்தில் நீங்கள் இருந்தால்?" என்று கேட்டேன். கடைசி வரிசைகூட வாய் திறந்தது. சம்பவம் வரலாற்றுப் பாடத்தில் கிடைத்தது, கேள்வி கல்வியியலில். இரண்டும் ஒரே சமயத்தில் கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

ஒன்று மட்டும் கவனம். இடைநிலைப்பள்ளியில் வரலாறு மலாயில்தான் நடக்கும். 2013 முதல் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) சான்றிதழுக்கு வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்பதால் பயத்தோடு வரும் பிள்ளைகள் நிறைய. அதனால் மலாயில் சரளமாக விளக்க இப்போதே பழகுங்கள். அப்புறம், நேர்முகத்தில் ஏன் ஆசிரியர் வேலை என்று கேட்பார்கள், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.